குற்றாலிங்க உருண்டைகள்

ஜூலை 3

ஆய்வுப் பத்திரிகையிலிருந்து பதில் வந்துவிட்டது. ஏற்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. பெண் பார்த்துவிட்டு, பஜ்ஜியையும் தின்றுவிட்டு, "ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம்" என்று கிளம்புகிறவர்களின் பதில். மதிப்பீட்டாளர்கள் இரண்டு பேர். முதலாமவருக்கு எங்கள் ஆங்கிலம் பிடிக்கவில்லை. அது எங்களுக்கும் பிடிக்காது. இரண்டாமவர் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்: இந்த உருண்டைகளை உயிருள்ள செல்லில் பார்த்தீர்களா?

இல்லை. செத்த செல்லில்தான் பார்த்தோம். உலகத்தில் பாதிப் பேர் அப்படித்தான் பார்க்கிறார்கள். செல்லின் மேல் ஃபார்மலின் ஊற்றினால் அது இருந்த கோலத்திலேயே விறைத்துப்போகும். பிறகு சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் வைத்து, சாவகாசமாகப் படம் எடுக்கலாம். செல்லின் உட்கருவுக்குள் ஆயிரக்கணக்கான புரதங்கள் இருக்கின்றன. உள்ளே சுவர் கிடையாது, அறை கிடையாது, கதவு கிடையாது. இருந்தும் சில புரதங்கள் ஓரிடத்தில் கூடி உருண்டை உருண்டையாக நிற்கும். இது ஊரறிந்த விஷயம். எங்கள் புரதமும் அப்படி நிற்கிறது என்பதுதான் எங்கள் கட்டுரை. என் ஆறு வருஷமும் அந்த உருண்டைக்குள்தான் கிடக்கிறது.

என் வழிகாட்டி பேராசிரியர் குற்றாலிங்கம் அவற்றுக்குப் பெயரே வைத்துவிட்டார்: குற்றாலிங்க உருண்டைகள். பிள்ளை பிறக்குமுன்னே காதுகுத்து.

கட்டுரை ஏற்கப்பட்டால்தான் நான் ஆய்வேட்டைக் கொடுக்க முடியும். ஜனவரி முடிவோடு என் பதிவு காலாவதி. தவறினால் பேச்சியம்மாள், எம்.எஸ்ஸி. என்று ஆயுசு முழுக்க இருக்க வேண்டியதுதான். ஆகவே நாளைக்கே உயிருள்ள செல்லில் பார்த்துவிடப் போகிறேன்.

ஜூலை 4

செல் வளர்க்கும் பெட்டியில் பூஞ்சை. எல்லாவற்றையும் கொட்டிக் கழுவினேன். அடுத்த வாரம் பார்க்கலாம்.

ஜூலை 21

எங்கள் துறையில் மதியச் சாப்பாட்டுக்கு யார் எங்கே உட்கார வேண்டும் என்று எந்தப் பலகையும் இல்லை. ஆனால் ஜன்னலோர மேஜைக்காரர்கள் என்றைக்கும் ஜன்னலோர மேஜையில்தான். அவர்களுக்குள் பொரியல் கைமாறும், கல்யாணப் பத்திரிகை கைமாறும், போன வருஷம் ஒரு சம்பந்தமே முடிந்தது. சாரின் இடம் அங்கேதான். நானும் மெர்லினும் ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில். மெர்லினுக்கு ஊர் குளச்சல், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், எங்கள் கட்டுரையில் இரண்டாவது பெயர் அவளுடையது. அவளுடைய மீன்குழம்பு வாடைக்காகத்தான் நாங்கள் ஒதுங்கி உட்காருகிறோம். அவள் தயிர்சாதம் கொண்டுவருகிற நாளிலும் அங்கேதான் உட்காருகிறோம். பழக்கதோஷம்.

இன்று முதலாண்டு வகுப்பில் சார் உட்கருவைப் பற்றிப் பேசினார். நான் புரொஜெக்டரை இயக்கிக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

"பாத்தியளா, உள்ள போலீஸ் உண்டா? சட்டம் உண்டா? ஒண்ணும் கெடையாது. ஆனா ஒவ்வொரு புரதமும் தன் ஆளோட போயிச் சேந்து நிக்கி. இனம் இனத்தோடதான் சேரும். இது மனுசன் வச்ச ஏற்பாடு இல்ல, இயற்கை வச்ச ஏற்பாடு. கேட்டியளா?"

பிள்ளைகள் தலையை ஆட்டிக்கொண்டு எழுதினார்கள். பின்னால் என் படம் திரையில் பச்சைப் பசேலென்று பொட்டுப் பொட்டாக நின்றது.

திரும்பும்போது மெர்லின், "உசுரோட உள்ளத பாத்தியாட்டி?" என்று கேட்டாள். மின்சாரம் போய்ப் போய் வருகிறது, நுண்ணோக்கியின் மேடையைக் கதகதப்பாக வைக்க முடியாது என்றேன். "ஜெனரேட்டர் எதுக்கு இருக்கு?" என்றாள். இவளுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு கேள்வி.

ஆகஸ்ட் 29

பெரியம்மா மகள் கல்யாணம், சங்கரன்கோவிலில். ஆய்வுக்கூடத்துக்கு மூன்று நாள் லீவு. படம் எடுக்கிறவர், "எல்லாரும் நெருங்கி நில்லுங்க" என்றதும், பத்து வருஷமாக முகம் பார்க்காத பெரியப்பாவும் சித்தப்பாவும் தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள். ஃபிளாஷ் அடித்து முடிந்ததும் ஆளுக்கொரு பந்திக்குப் போய்விட்டார்கள். ஆல்பத்தைப் பார்க்கிறவர்களுக்கு எங்களைப் போல ஒற்றுமையான குடும்பம் கிடையாது. இதை எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

அம்மா என்னைத் தனியே இழுத்துப் போனாள். "ராஜபாளையத்து மாப்ள வீட்ல கேக்காவ. ஒம் பேருக்கு முன்னால டாக்டர்னு போட்டுத்தான் பத்திரிகை அடிப்பாவளாம். எப்பட்டி வரும்?"

"ஜனவரிக்குள்ள வந்துரும்மா."

"அப்படி என்னத்தத்தான் ஆறு வருசமாத் தேடுத?"

உருண்டையை என்று சொல்லியிருக்கலாம். பாயசம் கொண்டுவருகிறேன் என்று நழுவிவிட்டேன்.

செப்டம்பர் 12

பல்கலைக்கழக வாசலில், பேருந்து நிறுத்தத்தையே மறைத்துக்கொண்டு ஒரு ஃபிளெக்ஸ். சாருடைய சமுதாயச் சங்கத்துக்காரர்கள் வைத்தது. "உட்கருவில் உருண்டை கண்ட எங்கள் குலவிளக்கே!" சாருக்குப் பின்னால், ஒளிவட்டம் இருக்க வேண்டிய இடத்தில், நான் எடுத்த படம். எந்தச் செல் என்றுகூட எனக்குத் தெரியும், வலது ஓரம் கொஞ்சம் நசுங்கியிருக்கும். கட்டுரை இன்னும் தொங்கலில் இருக்கிறது என்பது ஃபிளெக்ஸுக்குத் தெரியாது. கீழே வரிசையாகப் பெயர்கள், மாவட்டச் செயலாளர் முதல் இளைஞரணி வரை. என் பெயர் இல்லை. இருந்திருந்தால்தான் கலவரம்.

"எதுக்குப்பா இதெல்லாம்னு சொன்னேன், கேக்க மாட்டேங்கானுவ" என்றார் சார். பிறகு அதற்கு முன்னால் நிற்க வைத்து என்னையே படம் எடுக்கச் சொன்னார்.

அக்டோபர் 1

ஆயுத பூஜை. நுண்ணோக்கிக்குச் சந்தனம், குங்குமம், செவ்வந்தி மாலை. லென்ஸில் எதுவும் பட்டுவிடாமல் நான் காவல் நின்றேன். ஒரு கோடி ரூபாய் யந்திரம் புதுமாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது. பூஜையில் வைத்த ஆயுதத்தை எடுத்து வேலை செய்யக் கூடாது என்று சாஸ்திரம். என்னைப் போல அந்தச் சாஸ்திரத்தை மூன்று மாதமாகக் கடைப்பிடிக்கிறவர் இந்தத் தமிழ்நாட்டில் யாரும் இருக்க மாட்டார்கள்.

அக்டோபர் 8

பார்த்தோம். மெஸ்ஸில் பூரி. சாயங்காலம் நல்ல மழை. கொடியில் போட்ட துணியெல்லாம் நனைந்துவிட்டது.

அக்டோபர் 9

சரி, எழுதித் தொலைக்கிறேன்.

மெர்லின்தான் கையைப் பிடித்து இழுத்துப் போனாள். "நீ வரலேன்னா நானே பாப்பேன்" என்றாள். புரதம் தானாகவே பச்சையாக ஒளிரும்படி செய்த செல்கள், கதகதப்பான மேடையில், சொகுசாக உயிரோடு இருந்தன. திரையில் உட்கரு வந்தது. உருண்டை இல்லை. ஒன்றுகூட இல்லை. உட்கரு முழுக்க ஒரே சீராகப் பச்சை, கலக்கிவிட்ட ரசம் மாதிரி. வேறு செல்லைப் பார்த்தோம். வேறு தட்டில் பார்த்தோம். ஃபோகஸ் சரியில்லை என்றேன், லைட் சரியில்லை என்றேன். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாகத்தானே இருக்கும்.

மெர்லின் தட்டை மேடையிலிருந்து எடுக்காமலே, கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே, அதில் ஃபார்மலினை விட்டாள். கொஞ்ச நேரந்தான். பச்சை நடுங்கிற்று. அங்கொன்று இங்கொன்றாகப் புள்ளி விழுந்தது. புள்ளிகள் பருத்தன. நான் ஆறு வருஷமாகப் பொத்திப் பொத்தி வளர்த்த அத்தனை உருண்டைகளும் என் கண்ணெதிரே வந்து உட்கார்ந்தன.

உயிரோடு இருக்கும்போது அந்தப் புரதம் உட்கருவெங்கும் ஓடித் திரிகிறது. ஃபார்மலின் வந்து ஒன்றின் கையை இன்னொன்றோடு கட்டுகிறது. சாகிற அவசரத்தில் எல்லாம் குவிந்துவிடுகின்றன. அவ்வளவுதான். நாங்கள் கண்டுபிடித்தது ஃபார்மலினின் குணத்தை.

"மக்கா, ஒண்ணும் இல்ல கேட்டியா" என்றாள் மெர்லின்.

கழிவறைக்குப் போய்த் தாழ் போட்டுக்கொண்டு அழுதேன். வெளியே வந்ததும் பூரிக்கு வரிசையில் நின்றேன். அதைத்தான் நேற்று எழுதினேன்.

அக்டோபர் 10

சாரிடம் சொன்னேன். வெளிச்சம் பட்டு உருண்டை கலைந்திருக்கும் என்றார். வெளிச்சத்தைக் குறைத்தும் பார்த்தோம் என்றேன். செல்லுக்கு ஜலதோஷமாக இருக்கும் என்கிற அர்த்தத்தில் ஏதோ சொன்னார். வீடியோவைக் காட்டவா என்றேன். "நீ சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டார். ஆறு வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்கிறார்.

மத்தியானம் நுண்ணோக்கியில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: "பழுது." சாரின் கையெழுத்து. அதற்கு மேலே பூஜையில் வைத்த குங்குமம் இன்னும் அழியவில்லை. உயிருள்ள செல்லைப் பார்க்கும் கருவி பழுதாகிவிட்டதால் அந்தச் சோதனையைச் செய்ய இயலவில்லை என்று மதிப்பீட்டாளருக்குப் பதில் போகிறதாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். சமையலறையையே பூட்டுகிறவரை இப்போதுதான் பார்க்கிறேன்.

நவம்பர் 3

பத்திரிகையிலிருந்து கட்டுரையாளர்கள் எல்லோருக்கும் மின்னஞ்சல். பதிலும் திருத்திய கட்டுரையும் உண்மை என்று ஒவ்வொருவரும் ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டு பொத்தான்கள்: ஆம், இல்லை.

மெர்லின் 'ஆம்' அழுத்திவிட்டாள்.

"எனக்க ரெண்டு புள்ளையளும் ஃபீஸ் கட்டாம இருக்கு. அந்த ஆளு ஒரு கடுதாசி குடுத்தாத்தான் எனக்கு கல்லூரில வேல கெடைக்கும். நீ என்னமும் செய்யி, என்னைய திட்டாத" என்றாள்.

நான் திட்டவில்லை. அன்றைக்கு ஃபார்மலினை ஊற்றிய அதே விரலால் அழுத்தினாயா என்று மட்டும் கேட்டேன். அவள் மீன்குழம்புக் கிண்ணத்தை என் பக்கம் தள்ளிவைத்தாள்.

நவம்பர் 9

ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து சார் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். கையில் ஒரு கிலோ அல்வா. நெல்லைக்காரர் ஒருவர் அல்வாவோடு வீட்டுக்கு வந்தால் என்ன அர்த்தம் என்று சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். அம்மாவுக்குத் தெரியவில்லை. தெருவே வேடிக்கை பார்த்த பெருமிதத்தில் சேலைத் தலைப்பால் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"உங்க மகள் கெட்டிக்காரி. ஒரே ஒரு பொத்தான அமுக்கணும். அதுக்குப் போயி அடம்பிடிக்கா" என்றார் சார்.

அம்மா செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். "இப்பதான் காபி குடிச்சிட்டு வாரேன்" என்று கையை மடக்கிக்கொண்டார். கலர் சோடா வாங்கி வரச் சொல்லட்டுமா என்று கேட்டதற்கு, அதையும் இப்போதுதான் குடித்தாராம். நல்ல வெயில். அவருக்குத் தாகம் எடுக்கவில்லை போலும். செம்பு கடைசி வரைக்கும் நாற்காலிக்குப் பக்கத்தில் அப்படியே இருந்தது.

அவர் போன பிறகு அம்மா கேட்டாள். "உள்ள உருண்ட இருக்குன்னு சொன்னா யாருக்குட்டி நட்டம்? யாரு போயி உள்ள பாக்கப் போறா?"

நான் அல்வாப் பொட்டலத்தைப் பிரித்தேன். அல்வா நன்றாகத்தான் இருந்தது. நான் இரண்டு துண்டு தின்றேன், எனக்கே வெட்கமாக இருந்தது.

நவம்பர் 17

சாரிடம் ஒரு பேரம் பேசினேன். "ஒரே ஒரு தடவ உங்க கண்ணால பாருங்க சார். பாத்துட்டு நீங்களே சொல்லுங்க. அப்புறம் அமுக்குதேன்."

யோசித்தார். 'பழுது' தாளை அவரே உரித்து, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நுண்ணோக்கி உடனே குணமாகிவிட்டது.

உயிருள்ள செல்களை வைத்தேன். நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். திரையில் சீரான பச்சை. அவர் பழைய ஆய்வாளர்தானே, பார்க்கத் தெரிந்தவர்தான். ஒரு செல்லை விட்டு இன்னொரு செல்லுக்கு அவரே நகர்த்திப் போனார். முகம் மெதுவாகச் சோர்ந்துகொண்டே வந்தது. அந்த நேரத்தில் எனக்கு அவர்மேல் பாவமாக இருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன்.

"ஃபார்மலின ஊத்து" என்றார்.

ஊற்றினேன். பச்சை நடுங்கிற்று, புள்ளிகள் விழ ஆரம்பித்தன. சார் துள்ளி எழுந்துவிட்டார். "வருது! வருது பாத்தியா! இந்தா ஒண்ணு, இந்தா ஒண்ணு! நான்தான் சொன்னம்லா, இனம் இனத்தோட சேருது பாரு!"

"செத்தாத்தான் சார் சேருது" என்றேன். "உசுரோட இருக்கையில எல்லாம் எல்லாத்தோடயும் கலந்துதான் கெடக்கு."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் புரதத்தைத்தான் சொன்னேன். அவருக்கு வேறு ஏதோ கேட்டிருக்க வேண்டும், காதெல்லாம் சிவந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பேரம் பேரந்தான். அமுக்கிரு" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தாமல் போனார்.

நவம்பர் 18

'இல்லை'யை அழுத்தினேன். காரணம் எழுதச் சொல்லி ஒரு கட்டம் வந்தது. வீடியோவை இணைத்து அனுப்பினேன். கொடுத்த வாக்கை மீறியதற்கு ஏதாவது தண்டனை இருந்தால் வரட்டும். ரொம்பப் பயமாக இருக்கிறது.

நவம்பர் 20

சார் பேசுவதில்லை. என் வணக்கத்தைச் சுவர் வாங்கிக்கொள்கிறது.

டிசம்பர் 2

பத்திரிகை ஆசிரியரின் கடிதம், எல்லோருக்கும். உருண்டை இல்லாமல் போனதில் அவருக்கு வருத்தமே இல்லை. ஃபார்மலின் இப்படி இல்லாத உருண்டையை உண்டாக்கும் என்பதே பலருக்குப் பயன்படும் செய்தி, அதையே கட்டுரையாக மாற்றி எழுதிக் கொடுங்கள், விரைந்து பரிசீலிக்கிறோம் என்று எழுதியிருக்கிறார். மூன்று முறை படித்தேன். மெர்லின் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்தது, இந்தத் தடவை கழிவறைக்குப் போகவில்லை.

டிசம்பர் 5

சார் கூப்பிட்டு அனுப்பினார். உட்காரச் சொன்னார்.

"எனக்கு மொதல்லயே ஒரு சந்தேகம். ஃபார்மலினக் கண்ண மூடிக்கிட்டு நம்பக் கூடாதுன்னு. அதான் உன்னையப் பாக்கச் சொன்னேன்."

"என்னையவா சார்?"

"பின்ன?"

அவர் கண்ணில் பொய்யே இல்லை. நம்பிக்கொண்டுதான் சொல்கிறார். இப்படி ஒரு வரம் எனக்குக் கிடைத்திருந்தால் நான் ஜூலை மாதமே நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

"அப்ப அந்த 'இனம் இனத்தோட' சார்?"

"செல்லு வேற, சமுதாயம் வேற. ரெண்டையும் போட்டுக் கொழப்பக் கூடாதும்மா" என்றார், வெகு பொறுமையாக.

ஜனவரி 27

கட்டுரை ஏற்கப்பட்டது. அன்றே ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டேன். பேருந்து நிறுத்தத்தில் வேறு ஃபிளெக்ஸ்: "உட்கருவில் உருண்டை இல்லையென்று உலகுக்கு உரைத்தவரே!" அதே சட்டை, அதே சிரிப்பு. ஜன்னலோர மேஜையில் இனிப்பு கொடுத்தார்கள். ஃபிரிட்ஜ் வரை வரும்போது பெட்டியில் தூள்தான் இருந்தது.

ஏப்ரல் 22

வாய்மொழித் தேர்வு. ஹைதராபாத்திலிருந்து வந்த பெண்மணிதான் தேர்வாளர், கெட்டிக்காரி. முன்வரிசையில் ஜன்னலோர மேஜை முழுக்க உட்கார்ந்திருந்தது. பின்வரிசையில் பட்டுச்சேலையில் அம்மா, ராஜபாளையத்துக்காரர்கள் இரண்டு பேர், கடைசியில் மெர்லின், மடியில் சின்னவன். கல்லூரி வேலைக்கு சார் தர வேண்டிய கடிதம் அவளுக்கு இன்னும் வரவில்லை.

ஃபார்மலின் வீடியோவை இரண்டு தடவை போடச் சொன்னார் தேர்வாளர். ரொம்ப நேரம் ரசித்தார். கேள்விகளெல்லாம் முடிந்து, தேர்ச்சி அறிக்கையில் அவர் கையெழுத்துப் போட்டு, தாளை சார் பக்கம் தள்ளினார். இனி வழிகாட்டியின் கையெழுத்து ஒன்றுதான். சார் பேனா மூடியைக் கழற்றிவிட்டார்.

"கடைசியாக ஒன்று, தேர்வுக்காக இல்லை, என் ஆசைக்குக் கேட்கிறேன்" என்றார் அந்த அம்மாள். "உயிரோடு இருக்கும் செல்லின் மேலேயே ஃபார்மலினை ஊற்றிப் பார்ப்பது அருமையான யோசனை. முதலில் யாருக்குத் தோன்றியது?"

சாரின் பேனா தாளுக்கு மேலே அப்படியே நின்றது. நான் மெர்லினைப் பார்த்தேன். அவள் குனிந்து பிள்ளையின் செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"சாருக்குத்தான்" என்றேன்.

எல்லோரும் கைதட்டினார்கள். அம்மா எல்லோரையும் விடச் சத்தமாகத் தட்டினாள். சார் கூச்சத்தோடு தலையைக் குனிந்தார். குனிந்த தலையோடு அப்படியே கையெழுத்துப் போட்டார்.